இருபத்தெட்டு அடி தூரத்துத் தங்கை வீடு

என் வீட்டுக் கேட்டிலிருந்து என் தங்கை வீட்டுக் கேட்டுக்கு இருபத்தெட்டு அடி. அளந்தது நான்தான். டேப்பின் ஒரு நுனியை இந்தப் பக்கம் நான் பிடிக்க, மறு நுனியை அந்தப் பக்கம் அவள் பிடித்தாள். நடுவில் ஏழடிச் சுவர் நின்றதால் டேப் அதன்மேல் ஏறி இறங்கியது. ஏறியதையும் இறங்கியதையும் கழித்தால் இருபத்தெட்டு. ரோட்டு வழியாகப் போனால் மூன்றரை கிலோமீட்டர். அதையும் பைக்கில் போய் அளந்தேன்.

இந்த இரண்டு அளவுக்கும் நடுவில்தான் நாங்கள் குடும்பம் நடத்தினோம். அவள் வீட்டு குக்கர் விசில் எங்கள் வீட்டில் கேட்கும். அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தால் என் மனைவி இங்கிருந்தே எண்ணி, "அஞ்சாவது விசிலு, அடுப்ப அமத்துங்க" என்று கத்துவாள். எங்கள் வீட்டுக்கு ஆறு மணிக்கு வரும் பால்காரர் அவள் வீட்டுக்கு ஆறே முக்காலுக்குப் போவார். அதே கேன், அதே பால். இரண்டு வீட்டுக்கும் சுலபமாகப் போய்வந்த ஒரே ஜீவன் ஒரு சாம்பல் நிறப் பூனை. இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு அது கன்றுக்குட்டி அளவுக்கு ஆகிவிட்டது.

நான் கம்பம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது கிளம்பியது என்று குறித்து வைத்து, பிந்தி வந்த டிரைவரை நாலு பேர் முன்னால் திட்டுவது என் வேலை. குறிப்பதற்குத்தான் சம்பளம். திட்டுவது நானாகச் சேர்த்துக்கொண்டது. குமுளியிலிருந்து இறங்கும் பஸ் மூன்று நிமிடம் பிந்தினாலும் எனக்கு மூக்கு விடைத்துவிடும். "மூணு நிமிசம் மூணு நிமிசம்னு சேத்தா ஒரு ஆயுசுலே" என்று கத்துவேன். இதை இப்போதே சொல்லிவைப்பது நல்லது. பின்னால் நான் பட்ட பாட்டைக் கேட்டு அந்த டிரைவர்கள் சிரித்த சிரிப்புக்கு அப்போதுதான் அர்த்தம் விளங்கும்.

கம்பத்தின் பழைய தெருக்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எந்தச் சந்தில் நுழைந்தாலும் அது உங்களை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடும். எதிரே வேண்டாத ஆள் வந்தால் பக்கத்துச் சந்தில் சட்டென்று புகுந்து, மாவு மில் பக்கம் வெளியேறி, அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். ஊர் பைபாஸ் பக்கம் வளரத் தொடங்கியதும் தெருக்களுக்கு இந்தக் குணம் போய்விட்டது. தென்னந்தோப்பு ஒருவர் கைக்குப் போனால் அது ஒரு நகர். பக்கத்துத் திராட்சைத் தோட்டம் வேறொருவர் கைக்குப் போனால் அது வேறொரு நகர். ஒவ்வொன்றுக்கும் வாசலில் ஒரு பெயர் வளைவு, உள்ளே ஒரு மெயின் ரோடு, அதிலிருந்து சீப்புப் பல் மாதிரி தெருக்கள். பல்லின் நுனி வரைக்கும் போய்விட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். தன் தெருவைக் காட்டிப் பக்கத்துத் தோட்டக்காரன் பிளாட் விற்றுவிடுவானோ என்ற பயத்தில், பிளாட் போட்டவர் தெருக் கடைசியில் ஒரே ஓர் அடி நிலத்தைத் தன் பெயரிலேயே நிறுத்திவைப்பார். அதில் ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரக்கூட முடியாது. ஆனால் அதற்குத் தனிப் பட்டா உண்டு.

நாங்கள் இருப்பது தென்னந்தோப்பில் போட்ட நகர். அதற்கு ஒரு பூவின் பெயர். பக்கத்தில் திராட்சைப் பந்தலைப் பிரித்துப் போட்டதற்கு ஒரு பழத்தின் பெயர். வம்பு வேண்டாம், பூ நகர், பழ நகர் என்றே சொல்கிறேன். வேடிக்கை என்னவென்றால் எங்கள் மூன்றாம் தெருவும் அவர்களுடைய மூன்றாம் தெருவும் கயிறு பிடித்தாற்போல ஒரே நேர். நடுவில் அந்த ஓர் அடி நிலம் மட்டும்தான். எங்கள் ஆள் எல்லாப் பிளாட்டையும் விற்றுவிட்டுக் கிளம்பும்போது அந்த ஓர் அடியைக் குடியிருப்போர் சங்கத்துக்கே கொடுத்துவிட்டுப் போனார். சங்கத்துக்கு அப்போது நான் செயலாளர்.

பழ நகரில் வீடுகள் வந்ததும் அங்குள்ளவர்கள் எங்கள் மூன்றாம் தெரு வழியாகப் போய்வர ஆரம்பித்தார்கள். மூன்றாம் தெருவின் கடைசி வீடு என்னுடையது. பைக் போனது, பள்ளிக்கூட வேன் போனது, ஒரு நாள் தேங்காய் ஏற்றிய டிராக்டரும் போனது. என் தூக்கம் போனது. எனக்கு மனு எழுதும் வியாதி உண்டு. உடனே ஒரு மனு எழுதி, என்னிடமே கொடுத்து, செயலாளர் என்ற முறையில் நானே வாங்கி, கூட்டம் போட்டேன். சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர். எங்கள் எல்லோரிடமும் முரட்டு மாட்டிடம் பேசுவதுபோல மெதுவாகத்தான் பேசுவார். "சுவரு வேணுமா தம்பி? கொஞ்சம் யோசிக்கலாமே" என்றார். நான் எழுந்து இருபது நிமிடம் பேசினேன். "தெரு நமது வீட்டின் நீட்சி, வீட்டுக்குள் ஊரான் நடக்கச் சம்மதிப்பீர்களா?" என்று கேட்டேன். யாரும் சம்மதிக்கவில்லை. என் முழுப் பேச்சையும் ஒரு வரி விடாமல் சங்க மினிட் புத்தகத்தில் நானே எழுதி வைத்தேன்.

சுவர் ஏழடி. அதன் தலையில் கண்ணாடிச் சில்லு பதிக்க வேண்டும் என்றதும் நான்தான். காலி பாட்டில் கேட்டு வீடு வீடாகப் போனதும் நான்தான். யார் வீட்டில் எத்தனை பாட்டில் இருக்கிறது என்பது அன்றைக்குப் பகிரங்கமானதில் இரண்டு குடும்பங்களில் சண்டை வந்தது. சுவர் எழும்பியதும் எனக்கு ஓர் ஆசை எழுந்தது. கோயிலுக்கு ஒரு குழல் விளக்கு கொடுத்தவர்கூடப் பெயர் எழுதிக்கொள்கிறார். நிழற்குடைக்குப் பெயர், தண்ணீர்த் தொட்டிக்குப் பெயர். சுவர் கட்டியவன் என்ன பாவம் செய்தான்? கருங்கல் பலகை ஒன்றை இழைத்து, எழுத்து வெட்டி, தங்க வர்ணம் பூசி, எங்கள் பக்கச் சுவரில் பதித்தேன். மேலே பிள்ளையார் சுழி. கீழே, பூ நகர் சங்கச் செயலாளர் இன்னார் அவர்களின் பெருமுயற்சியால், அந்நியர் நடமாட்டம் தடுக்கும் பொருட்டு எழுப்பப்பட்டது என்று. சூடம் காட்டித் திறந்துவைத்தோம். சுவரை எப்படித் திறந்துவைப்பது என்று மாட்டு டாக்டர் மட்டும் கேட்டார்.

ஐந்தாவது மாதம் என் தங்கை பழ நகரில் வீடு வாங்கினாள்.

அதுவரை அவள் கூடலூரில் மாமியார் வீட்டில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை, குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறார். அண்ணன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவள் கேட்டாள் என்பதற்காகவே புரோக்கரிடம் சொல்லித் தேடியிருக்கிறார். "ஒங்க மச்சான் வீட்டுக்கு நேர் பின்னாடிதான்" என்று புரோக்கர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று பதிவு முடிகிறவரை இருவரும் மூச்சுவிடவில்லை. எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

பால் காய்ச்சிய அன்று அவள் தெருவில் இறங்கி, இடுப்பில் கைவைத்து, சுவரை அண்ணாந்து பார்த்தாள்.

"யாருண்ணே இதக் கட்டுனது? கண்ணாடிய வேற குத்தி வச்சிருக்கான். வெளங்குவானா அவன்?"

"சங்கத்துல கட்டிட்டாக ஆத்தா" என்றேன். "நான் அன்னைக்கு டூட்டியில இருந்தேன்."

பொய் என்பது ஒரு தடவை சொல்லிவிட்டால் முடிகிற காரியம் இல்லை, அதைத் தினமும் மேய்க்க வேண்டும். தங்கை மூன்றரை கிலோமீட்டர் சுற்றி எங்கள் வீட்டுக்கு வருகிற நாளெல்லாம் நான் எங்கள் நார்க்கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்தி, அந்தப் பலகையை மறைத்துவிடுவேன். "கட்டிலுக்கு வெயில் காட்டுறோம்" என்பேன். மழை பெய்யும்போதும் அதையே சொன்னேன். "அண்ணன் வீட்டுல மூட்டப்பூச்சி ஜாஸ்தி போல" என்று அவள் கூடலூர் வரைக்கும் சொல்லி வைத்தாள். என் மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும். அதன் பிறகு எங்கள் வீட்டில் எந்தச் சண்டையிலும் நான் ஜெயித்ததில்லை. நான் குரலை உயர்த்தினால் அவள் அமைதியாக, "கட்டில எடுத்துரவா?" என்று கேட்பாள். நான் போய் வாழைப்பூ உரித்துக் கொடுப்பேன்.

இந்த நிலையில்தான் தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது.

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தோடு தாய்மாமன் கொண்டுவர வேண்டும். அதுவும் சும்மா சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. சீர்த்தட்டுகள், கிடா, வாழைத்தார், உறுமி மேளம் எல்லாவற்றோடும் நாலு பேர் பார்க்க ரோட்டில் நடந்து போக வேண்டும். ஜோசியர் ஞாயிற்றுக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை என்று குறித்துக் கொடுத்திருந்தார். பத்தரைக்கு மேல் ஆகவே ஆகாது, பிந்தினால் இன்னும் இரண்டு வருஷம் அந்தப் பிள்ளைக்கு நாள் இல்லை என்றார். தாய்மாமன் இருபத்தெட்டு அடியில் இருந்துகொண்டு பிந்தினான் என்று பேச்சு வந்தால் என் தங்கைக்குக் கூடலூரில் தலை நிமிராது.

"பேசாம எல்லாத்தையும் ஏணி வச்சுச் சுவத்து மேல கொடுத்துருவமா?" என்றாள் மனைவி.

"சீரா, திருட்டுச் சாமானா?" என்று குதித்தேன். "நாப்பது பஸ்ஸ நேரத்துக்கு அனுப்புறவன் நான். ஒரு ஊர்வலத்த அனுப்ப முடியாதா?"

டிரிப் ஷீட் எழுதினேன். வீட்டில் எட்டு பத்துக்குக் கிளம்புவது. வளைவு எட்டு இருபது. பைபாஸ் எட்டு முப்பது. பழ நகர் ஒன்பது ஐந்து. அதை உறுமிக்காரர் கையில் ஒரு பிரதி, டிராக்டர் டிரைவர் கையில் ஒரு பிரதி கொடுத்தேன். உறுமிக்காரர் அதில் வெற்றிலை மடித்தார்.

கிளம்பும்போதே எட்டு முப்பத்தைந்து. பட்டுச் சேலை கட்டிய இருபத்தோரு பெண்களுக்கு டிரிப் ஷீட் செல்லாது என்பது எனக்குத் தெரியாது. முன்னால் உறுமி, பின்னால் தட்டுகள், அதன் பின்னால் பலூன் கட்டிய டிராக்டரில் இரண்டு கிடாய்களும் வாழைத்தாரும். தோட்டுப் பெட்டி என் சட்டைப்பையில். அதை நான் நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பைபாஸ் வந்ததும் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு முழங்கை உரச ஓடின. நடைபாதை என்று ஒன்று இல்லை. ஒரு லாரி போன காற்றில் மூன்று தட்டுகளின் ஜிகினாத் தாள் பறந்து கேரளாவுக்குப் போனது. பெண்கள் ஒருவரும் அதற்குமேல் ஓர் அடி எடுத்துவைக்க மறுத்துவிட்டார்கள்.

"உள் வழி ஒண்ணு காட்டுது" என்று மனைவி செல்போனை நீட்டினாள். ஒரு பெண் குரல் மரியாதையாக, "இடது பக்கம் திரும்பவும்" என்றது. எனக்கு யாராவது மரியாதையாகச் சொன்னால் கேட்டுவிடுவேன். திரும்பினோம்.

அது மூன்றாவது ஒரு நகர். பெயர் 'ஃபேஸ் டூ'. ஃபேஸ் ஒன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. உள்ளே போனால் எல்லாத் தெருவும் ஒரே அகலம், ஒரே நீளம், ஒரே வேப்பங்கன்று. "நேராகச் செல்லவும்" என்றது குரல். நேரே ஒரு வீடு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் முள்கம்பி, அதற்குப் பின்னால் திராட்சைப் பந்தல், அதற்குப் பின்னால் மலை. "நேராகச் செல்லவும்" என்று குரல் மறுபடியும் சொன்னது.

ஊர்வலம் எந்த வீட்டு முன்னால் நிற்கிறதோ அதுதான் சீர் வீடு என்பது உறுமிக்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். அந்த வீட்டு வாசலில் நின்று, குனிந்து, வளைந்து, தெருவே அதிரும்படி வாசித்தார்கள். முன்னால் போன பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தட்டுகளை வரிசையாக வைத்தும்விட்டார்கள். வீட்டுக்காரர் பல்விளக்கும் நுரையோடு வந்து இரண்டு கையையும் கூப்பினார். அவர் மனைவி ஓடிப்போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, என் மனைவி காதில் ரகசியமாகக் கேட்டார்:

"நாங்க குடிவந்து எட்டு மாசம்தான் ஆச்சு, இங்கன யாரையும் பழக்கமில்ல. எங்களுக்கு யாரு சீரு அனுப்புனாக?"

உண்மையைச் சொன்னதும் அந்த அம்மாள் முகம் வாடிப்போனது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. தட்டுகளைத் திரும்பத் தூக்கும்போது ஒரு வாழைச்சீப்பை அங்கேயே விட்டோம். அவர்கள் எல்லோருக்கும் மோர் கொடுத்தார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஐம்பது பேர் மோர் குடித்து முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. இருபதடித் தெருவில் டிராக்டரை டிரெய்லரோடு திருப்ப இன்னொரு பதினைந்து நிமிடம். வீட்டுக்காரர் வாயைக் கொப்பளித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பிவிட்டார். எட்டு மாதத்தில் அவர் போகும் முதல் விசேஷமாம்.

அடுத்த தெரு வாய்க்காலில் முடிந்தது. அதற்கடுத்தது ஒரு டிரான்ஸ்பார்மரில். அப்போது தங்கை போன் செய்தாள்.

"எங்கனண்ணே இருக்க? மேளச் சத்தம் கெழக்க கேட்டுச்சு, எல்லாரும் எந்திரிச்சு நின்னோம். பெறகு தெக்க போச்சு, திரும்பி நின்னோம். இப்ப மேக்க கேக்குது. கூடலூர் ஆளுகளுக்குக் கழுத்து வலிக்குதாம்."

"வந்துக்கிட்டே இருக்கோம் ஆத்தா. அஞ்சு நிமிசம்."

டிரைவர்கள் என்னிடம் சொல்லும் அதே ஐந்து நிமிடம். சொல்லி முடித்ததும் எனக்கே வாய் கசந்தது.

ஒரு வழியாக ஒரு வளைவு தெரிந்தது. வந்துவிட்டோம் என்று எல்லோரும் ஓட்டமும் நடையுமாக உள்ளே நுழைந்தோம். முதல் தெரு, இரண்டாம் தெரு, மூன்றாம் தெருவில் திரும்பினோம். தெருக் கடைசியில் என் வீடு இருந்தது. பூட்டிய பூட்டோடு, நான் போட்டுவிட்டுப் போன செருப்போடு. அதன் பக்கத்தில் ஏழடிச் சுவர். சுவரில் சாய்ந்த நார்க்கட்டில். மணி பத்து பன்னிரண்டு.

நான் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் மருமகள் சிணுங்குவதும், அவளுக்கு யாரோ கிலுகிலுப்பை ஆட்டுவதும் கேட்டது. பையில் தோடு இருந்தது. மறுபடி சுற்றிப் போனால் டிராக்டரை விட்டுவிட்டு ஓடினாலும் பத்தரைக்குள் முடியாது. பைக்கில் போகலாம் என்றால் பைக் சாவி வீட்டுக்குள், வீட்டுச் சாவி டிராக்டரில் எங்கோ வாழைத்தாருக்கு அடியில். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க உறுமிக்காரரைத் திட்டினேன்.

"சுவத்து மேல ஏறுங்க" என்றாள் மனைவி.

அந்தப் பக்கம் மாப்பிள்ளை விஷயம் புரிந்து ஜீப்பைக் கொண்டுவந்து சுவரோடு ஒட்டி நிறுத்தினார். அதன்மேல் ஏறியதும் அவர் தலை சுவருக்கு மேலே தெரிந்தது. கண்ணாடிச் சில்லுமேல் பந்தல் ஜமுக்காளத்தை எட்டாக மடித்துப் போட்டார். "சாமான முதல்ல அனுப்புங்க மச்சான்!" தட்டுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கின. கிடாய்களை மாட்டு டாக்டர் வந்து தூக்கிக் கொடுத்தார். "பயப்படாத, ஒண்ணுமில்ல" என்று அவர் சொன்னது கிடாய்க்கா எனக்கா தெரியவில்லை. முதல் கிடாய் சுவரின் உச்சியில் நின்று கத்தியபோது, "ஏலே, சீரு ஆகாசத்துல வருதுடா" என்று ஒரு கூடலூர்க்காரர் சிரித்தது எங்கள் பக்கம் வரை கேட்டது. "மதி, மதி" என்றார் மாப்பிள்ளை. குமுளிப் பழக்கத்தில் போதும் என்பதை அப்படித்தான் சொல்வார். "இனி நீங்க ஏறுங்க."

எனக்கு ஏற ஒன்றும் இல்லை. ஏணி முந்தின நாள் நாங்கள் அங்கே கட்டிய சாமியானாக் கம்பத்தில் மாட்டிக்கொண்டு பழ நகரில் இருந்தது.

"கட்டில எடுங்க" என்றாள் மனைவி. பல மாதமாக நான் கேட்டுப் பயந்த அதே வார்த்தை. இந்தத் தடவை அவள் மிரட்டவில்லை. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. மணி பத்து பத்தொன்பது. கட்டிலை இழுத்துச் சுவரோரம் போட்டார்கள். நான் ஏறுவதற்குள் மாப்பிள்ளை குனிந்து இந்தப் பக்கம் பார்த்துவிட்டார். தலைகீழாகத் தெரிந்த எழுத்தை, பஸ் போர்டு படிப்பதுபோல உரக்கப் படித்தார்.

"பூ நகர் சங்கச் செயலாளர்..." என் பெயர். "...பெருமுயற்சியால், அந்நியர் நடமாட்டம்..." நிறுத்தினார். "அந்நியர்னா யாரு மச்சான்? நாங்களா?"

காலையிலிருந்து ஓயாத உறுமி அப்போது ஓய்ந்தது.

"அண்ணே." சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தங்கை குரல். "நீயா கட்டுன?"

"ஆமா ஆத்தா" என்றேன். வேறு என்ன சொல்ல? "நீ வருவேன்னு எனக்குத் தெரியாது."

"நான் வரலைன்னா கட்டலாமா?"

நான் கட்டில்மேல் ஒரு காலை வைத்தபடி நின்றேன். என் கைக்கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கடிகாரம் பார்க்காத நிமிடங்கள் அவைதான்.

"சரி, ஏறு" என்றாள். "பிள்ளைக்கு நேரம் போகுது. ஒன்னயப் பெறகு வச்சுக்கிறேன்."

ஏறினேன். சுவரைத் தாண்டிக் குதிக்க மாப்பிள்ளை கை கொடுத்தார். வேட்டி ஒரு பாட்டில் மூக்கில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் கிழியும், விட்டால் அவிழும். ஐம்பது பேர் இந்தப் பக்கம், எண்பது பேர் அந்தப் பக்கம். இரண்டு நகரிலும் என் மானம் தொங்கியது. "அசையாம அங்கனயே உக்காருங்க" என்று மனைவி அலறினாள். கிழக்கே பார்த்து, காலை இரண்டு பக்கமும் போட்டு, ஜமுக்காளத்தின்மேல் உட்கார்ந்தேன்.

"மடி கெடச்சுருச்சுல்ல, பிள்ளயக் கொடுங்க" என்றார் காது குத்த வந்த ஆசாரி. மாப்பிள்ளை குழந்தையை மேலே நீட்டினார். அவள் என் மடிக்கு வந்ததும் அழுகையை நிறுத்தினாள். அத்தனை உயரத்திலிருந்து அவள் ஊரைப் பார்த்ததில்லை. ஆசாரி ஜீப்மேல் ஏறி ஊசியை எடுத்தார். அப்புறம் தயங்கினார். பெண் பிள்ளைக்கு இடது காதுதான் முதலில். கிழக்கே பார்த்த பிள்ளைக்கு இடது காது வடக்கே, அதாவது எங்கள் பூ நகரில் இருந்தது. அவர் நின்றதோ பழ நகரில். பிள்ளையைத் திருப்பினால் மேற்கே பார்க்கும், அது கூடாது. ஆசாரிக்கு வயிறு கொஞ்சம் பெரிது. அவரைச் சுவர் தாண்டி எங்கள் கட்டில்மேல் இறக்குவதற்குக் கிடாய்க்குப் பிடித்ததைவிட இரண்டு பேர் அதிகமாகத் தேவைப்பட்டார்கள்.

இடது காது பத்து இருபத்தாறு. மறுபடி அவரைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். வலது காது பத்து இருபத்தொன்பது. குழந்தை இரண்டு தடவையும் வீரிட்டு அழுதாள். அவள் உதைத்த உதையில் ஜமுக்காளம் நகர, நானும் வீரிட்டேன். மேளம் இரண்டு சத்தத்தையும் அமுக்கிவிட்டது. மோர் கொடுத்த ஃபேஸ் டூக்காரர் மட்டும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நல்ல விசேஷம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

தங்கை அன்று எனக்குச் சாப்பாடு போட்டாள், பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. குக்கர் ஏழு விசில் அடித்தது. என் மனைவி கத்தியும் அவள் அமர்த்தவில்லை. பருப்புக் கருகும் வாசனை சுவர் தாண்டி வந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரைவர், பஸ் பதினொரு நிமிடம் பிந்தி வந்ததற்கு, "சுவரேறி வந்தேன் சார்" என்றான். நான் திட்டாமல் குறித்துக்கொண்டேன். தங்கையைத் தள்ளி வைக்கவா அவ்வளவு பாட்டில் பொறுக்கினேன் என்று இருந்தது.

அந்த வாரமே மனு எழுதினேன். சுவரில் வழி விட வேண்டும் என்று. கூட்டத்தில் மாட்டு டாக்டர் மினிட் புத்தகத்தைத் திறந்து, "இதுக்கு முன்னாடி ஒருத்தர் இதுபத்திப் பேசியிருக்காரு, அதையும் கேட்டுட்டு முடிவு செய்வோம்" என்று என் இருபது நிமிடப் பேச்சையும் மெதுவாக வாசித்தார். வாசித்து முடிய முப்பத்தைந்து நிமிடம் ஆனது. "இதுக்கு என்ன பதில் தம்பி?" என்றார்.

"அந்தாளு கூறுகெட்டவரு டாக்டர்" என்றேன். தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது.

பலகை இருந்த இடத்தில்தான் இடித்தோம். ஆள் நுழையும் அகலம். சைக்கிளும் போகும், டிராக்டர் போகாது. முதலில் அந்த வழியாகப் போனது பூனை. போய், நடுவில் நின்று, ஏமாந்ததுபோல இரண்டு பக்கமும் பார்த்தது. தங்கை அந்தப் பக்கம் வாசலில் நின்றிருந்தாள். நான் பெயர்த்த கருங்கல் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றேன்.

"அத இங்கிட்டுக் கொண்டாண்ணே" என்றாள். எட்டு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு. சுமந்துகொண்டு போனேன். கிணற்றடிக்குப் பக்கத்தில் இரண்டு செங்கல்மேல் அதை மல்லாக்கப் போடச் சொன்னாள். துவைக்கிற கல் இல்லாமல் இவ்வளவு நாளும் சிரமப்பட்டாளாம்.

இப்போது காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகும் முன் இருபத்தெட்டு அடி நடந்து அவள் வீட்டில் காப்பி குடிக்கிறேன். மருமகள் தோட்டை ஆட்டிக்கொண்டு சோப்பு நுரையில் விளையாடுவாள். தங்க வர்ணம் எப்போதோ போய்விட்டது, வெட்டிய எழுத்து அப்படியே இருக்கிறது. போன வாரம் மாப்பிள்ளை ஜீப் ஓட்டும்போது போடும் சட்டையைத் தேய்த்துக்கொண்டே தங்கை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"ஒம்பேரு வெட்டுன எடத்துல தேச்சா அழுக்கு நல்லாப் போகுதுண்ணே."